சாஃப்ட்வேரை காப்பி அடிப்பது பகிர்வா, திருட்டா? கார் ஷெட்டில் தொடங்கிய 50 வருட சண்டை

நண்பர் வாங்கிய சாஃப்ட்வேரை பென் டிரைவில் காப்பி பண்ணிக்கொள்வது பலருக்கும் பழகிய விஷயம்தான். ‘அதான் அவர் காசு கொடுத்துட்டாரே, அப்புறம் என்ன?’ என்று தோன்றும். இதே கேள்விக்காக 50 வருடங்களுக்கு முன்பு அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கிளப்புக்கும் 20 வயது இளைஞர் ஒருவருக்கும் பெரிய மோதலே நடந்தது. அந்த இளைஞர், பில் கேட்ஸ்.

அது என்ன கிளப்?

1975 மார்ச் 5. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கோர்டன் ஃப்ரெஞ்ச் என்பவரின் வீட்டு கார் ஷெட்டில் சுமார் 30 பேர் கூடினார்கள். ஃப்ரெஞ்சும் ஃப்ரெட் மூரும் சேர்ந்து கூட்டிய அந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான் ‘ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்’.

அன்று எல்லோரும் பேசியது ஆல்டேர் 8800 பற்றி. உதிரி பாகங்களாக வாங்கி, வீட்டிலேயே சால்டரிங் செய்து பூட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர். கீபோர்டு, திரை எதுவும் கிடையாது. ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரியும், அவ்வளவுதான். மெமரி வெறும் 256 பைட். இந்த ஒரு பத்திகூட அதில் அடங்காது!

சந்தேகம் வந்தால் கேட்க வேறு ஆள் இல்லை. அதனால் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தருவது கிளப்பின் வழக்கமானது. முதல் கூட்டத்துக்கு வந்திருந்த ஸ்டீவ் வோஸ்னியாக், பிறகு தான் வடிவமைத்த கம்ப்யூட்டரின் வரைபடத்தை அங்கே இலவசமாகவே கொடுத்தார். ‘இதை விற்கலாமே’ என்றவர் ஸ்டீவ் ஜாப்ஸ். 1976-ல் 666.66 டாலருக்கு வந்த ஆப்பிள்-1 அதுதான்.

சண்டை எப்படி வந்தது?

ஆல்டேருக்காக ‘பேசிக்’ மொழியை உருவாக்கியவர்கள் கேட்ஸும் பால் ஆலனும். துளையிட்ட காகித நாடாவில் அது வரும். 1975-ல் ஒரு செயல்விளக்க நிகழ்ச்சியிலிருந்து அந்த நாடா ஒன்று கிளப்காரர்கள் கைக்கு வந்தது. உறுப்பினர் ஒருவர் பிரதிகள் எடுத்து கூட்டத்தில் கொடுத்தார். ஒரே நிபந்தனை: ஒன்று எடுத்தால், அடுத்த முறை இரண்டு கொண்டு வரணும்.

கொதித்துப்போன கேட்ஸ், 1976 பிப்ரவரி 3 தேதியிட்டு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களே பேசிக்கை வாங்கியிருக்கிறார்கள். வந்த ராயல்டியை உழைத்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 2 டாலர்கூட தேறவில்லை என்பது அவர் கணக்கு. ஹார்டுவேருக்குக் காசு கொடுக்கிறவர்கள் சாஃப்ட்வேரை மட்டும் ஓசியில் எடுத்துக்கொள்வது திருட்டு என்றார்.

கிளப்காரர்கள் சொன்னது என்ன?

மெமரி போர்டோடு சேர்த்து வாங்கினால் பேசிக் மலிவு. தனியாக வாங்கினால் விலை அதிகம். அந்த போர்டுகளோ சரியாக வேலை செய்யவில்லை என்ற புகார் பரவலாக இருந்தது.

ஆனா, உருப்படியான பதிலைத் தந்தவர்கள் சொந்தமாக எழுதியவர்கள்தான். உறுப்பினர் டாம் பிட்மன் ‘டைனி பேசிக்’ எழுதி 5 டாலருக்கு விற்றார். நியாயமான விலை என்பதால் காசு கொடுத்தே வாங்கினார்கள். லி-சென் வாங் தன்னுடைய டைனி பேசிக்கில், ‘காப்பிரைட்’டைக் கிண்டல் செய்து ‘காப்பிலெஃப்ட்’ என்று போட்டார்.

இப்போ நமக்கென்ன?

‘காப்பிலெஃப்ட்’ என்ற அதே சொல்தான், பின்னாளில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-ல் வெளியிட்ட ஜி.பி.எல். உரிமத்தின் அடிப்படைக் கருத்துக்கும் பெயரானது. ஆண்ட்ராய்டு போனுக்குள் இருக்கும் லினக்ஸ் கெர்னல் அந்த உரிமத்தில்தான் வருகிறது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் தரலாம். மாற்றித் தரும்போது மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும்.

வோஸ்னியாக் கொடுத்தது அவருடைய வரைபடம். காகித நாடாவில் இருந்ததோ அடுத்தவர் உழைப்பு. பகிர்வுக்கும் திருட்டுக்கும் நடுவிலான கோடு இங்கேதான் இருக்கிறது. காப்பி எடுப்பதில் தப்பில்லை. எழுதியவர் அனுமதி கொடுத்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

அடுத்த முறை யாராவது பென் டிரைவோடு வந்தால், லிப்ரே ஆஃபிஸோ ஜிம்ப்போ காப்பி பண்ணிக் கொடுங்கள். அதை எழுதியவர்களே ‘தாராளமா கொடுங்க’ என்று சொல்லியிருக்கிறார்கள்.