நரம்பு வளர்ச்சிக் காரணி

நரம்பு வளர்ச்சிக் காரணி என்பது சிலவகை நரம்பணுக்கள் வளரவும் உயிர்வாழவும் தேவையான குறிகைப் புரதம் ஆகும். ஓர் உயிரணு சுரக்கும் இப்புரதம், வேறோர் உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியுடன் பிணைந்து அதன் உட்செயல்களை மாற்றுகிறது.

முளைய வளர்ச்சியின்போது தேவைக்கு மிகுதியான நரம்பணுக்கள் தோன்றித் தத்தம் இலக்கு இழையங்களை நோக்கி நரம்பிழைகளை நீட்டுகின்றன. இலக்கு சுரக்கும் காரணியோ சிறிதளவே. போதிய அளவு பெற்றவை நிலைக்கின்றன. பெறாதவை தாமே அழிகின்றன. இது வீண்செலவு போலத் தோன்றினும், இணைப்புகளின் எண்ணிக்கை இலக்கின் அளவுக்கேற்ப அமைய இதுவே வழிசெய்கிறது.

கண்டுபிடிப்பு

இத்தாலியின் 1938 ஆம் ஆண்டு இனச்சட்டங்களால் பல்கலைக்கழகப் பணியை இழந்த யூதரான ரீட்டா லெவி-மொண்டால்சினி, தூரின் நகரில் தமது படுக்கையறையில் ஆய்வகம் அமைத்துக் கோழி முளையங்களை ஆராய்ந்தார். 1947 இல் விக்டர் ஆம்பர்கரின் அழைப்பை ஏற்று அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகருக்குச் சென்றார். சுண்டெலியின் புற்றுக்கட்டியைக் கோழி முளையத்தில் பொருத்தியபோது நரம்புகள் செழித்து வளர்ந்தன. கட்டியிலிருந்து கசியும் ஏதோவொரு பொருளே காரணம் என அவர் முடிவுசெய்தார்.

அப்பொருள் கருவமிலமா என அறிய விரும்பிய உயிர்வேதியியலாளர் இசுட்டான்லி கோகென், கருவமிலத்தைச் சிதைக்கும் நொதி கொண்ட பாம்பு நஞ்சை அதனுடன் சேர்த்தார். கருவமிலமாயின் வளர்ச்சி நின்றிருக்க வேண்டும். மாறாக அது மேலும் பெருகியது. நஞ்சிலேயே அக்காரணி செறிந்திருந்தது! நஞ்சுச் சுரப்பி உமிழ்நீர்ச் சுரப்பியை ஒத்தது என்பதால் ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சோதிக்க, அது இன்னும் வளமான மூலமாக அமைந்தது. இருவரும் 1986 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆம்பர்கர் விடுபட்டது பலரால் குறைகூறப்பட்டது.

செயற்படும் விதம்

காரணி பிணைந்ததும் இரு டிரக்-ஏ ஏற்பிகள் இணைந்து, ஒன்றன்மீது மற்றொன்று பாசுபேட்டைச் சேர்க்கின்றன. இதனால் தூண்டப்படும் புரதங்களின் தொடர்வினை உட்கருவை எட்டி மரபணுக்களை இயக்குகிறது. நரம்பிழையின் நுனி உட்கருவுக்கு மிகத் தொலைவில் இருக்கக்கூடும். எனவே காரணியும் ஏற்பியும் ஒருசேர நுண்பையில் அடைபட்டு நரம்பிழை வழியே உள்ளே கொண்டுசெல்லப்படுகின்றன. இக்காரணியின் முதிராத வடிவம் பி75 என்னும் ஏற்பி வழியே நரம்பணுவின் இறப்பைத் தூண்டவும் வல்லது.

மூளையில்

முன்மூளையின் அடிப்பகுதியில் அசிட்டைல்கோலினைச் சுரக்கும் நரம்பணுக்கள் இக்காரணியைச் சார்ந்துள்ளன. அல்சைமர் நோயில் நலிபவற்றுள் இவையும் அடங்கும். ஆயினும் இப்புரதம் குருதி-மூளைத் தடுப்பை எளிதிற் கடப்பதில்லை. ஊசிமூலம் குருதியில் செலுத்திப் பயனில்லை.

1982 இல் பன்றியின் மூளையிலிருந்து இதன் உறவுப் புரதம் ஒன்று தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டது. டிரக்-பி ஏற்பி வழியே செயற்படும் அது, நினைவுக்கு அடிப்படையான நரம்பிணைப்புகள் வலுப்பெறத் துணைபுரிகிறது.