154 வாக்குகள்: நீதன் சாணும் ஸ்காபரோவும்

"எங்கட ஆள் நிக்கிறாராம், போட்டு விடுங்கோ." தேர்தல் காலத்தில் ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளிலும் கோவில் வாசல்களிலும் அடிக்கடி கேட்கும் வசனம் இது. எங்கட ஆள் எண்டது சரி. அவர் இதுவரை என்ன செய்தவர், எதற்காக நிற்கிறார் என்று கேட்பவர்கள்தான் குறைவு.

நீதன் சாண் யாழ்ப்பாணத்தில் பிறந்து பதின்ம வயதில் கனடா வந்தவர். தமிழ் இளைஞர்களின் குழு மோதல்களால் எங்கட பெற்றோர் நித்திரையில்லாமல் இருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தத் தலைமுறைக்குள் நின்று இளைஞர் பணி செய்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு ஆசிரியர், தெற்காசியர் சேவை அமைப்புகளின் கூட்டமைப்பின் நிர்வாக இயக்குநர். 2006இல் யோர்க் பிராந்தியக் கல்விச்சபைக்குத் தெரிவானார். வறுமை, இனப்பாகுபாடு, இளையோர் ஆகிய மூன்றையும் சுற்றியே அவருடைய அரசியல் இன்றும் நிற்கிறது.

2011, 2014, 2016 என மூன்று தடவை என்டிபி வேட்பாளராக மாகாண சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். இவ்வளவு தோற்ற ஒருவரை எங்கட சனம் வழக்கமாக மறந்துவிடும். ஆனால் 2017 பெப்ரவரி 13 இடைத்தேர்தலில் அவர் வென்று, ரொறன்ரோ மாநகரசபைக்குச் சென்ற முதல் தமிழரானார்.

அந்தப் பதவி இரண்டு வருடம்கூட நிலைக்கவில்லை. 2018இல், தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே, டக் ஃபோர்ட்டின் மாகாண அரசு 47 வட்டாரங்களுக்கு நடக்கவிருந்த தேர்தலை 25 ஆகச் சுருக்கியது. ஸ்காபரோ-ரூஜ் பார்க் என்ற புதிய, பெரிய வட்டாரத்தில் ஜெனிபர் மக்கெல்வியிடம் நீதன் 154 வாக்குகளால் தோற்றார். யோசித்துப் பாருங்கோ, 154! ஒரு கலியாண மண்டபத்தில் பாதிகூட நிரம்பாது. "எனக்கு இண்டைக்கு வேலை, நேரமில்லை" என்று வீட்டில் நின்றுவிட்ட தமிழர் அந்த வட்டாரத்தில் அதைவிட அதிகமாக இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

பின்னர் அவர் ரொறன்ரோ கல்விச்சபைக்குத் திரும்பித் தலைவருமானார். 2025 யூனில் மாகாண அரசு அந்தச் சபையின் அதிகாரத்தை எடுத்து மேற்பார்வையாளர் ஒருவரிடம் கொடுத்தது. ஒரே மனிதரின் பதவியில் குயின்ஸ் பார்க் இரண்டு தடவை கை வைத்த கதை இது. மக்கெல்வி சமஷ்டி நாடாளுமன்றம் சென்றதால் வட்டாரம் 25 வெற்றிடமாக, 2025 செப்டெம்பர் 29இல் நடந்த இடைத்தேர்தலில் நீதன் வென்றார்.

அந்தத் தேர்தலில் நின்ற தமிழர் அவர் மட்டுமல்ல. இதைச் சிலர் "வாக்குப் பிரியுது" என்று குறைப்பட்டார்கள். எனக்கு அது நல்ல அறிகுறியாகவே படுகிறது. தமிழர் என்பதற்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்துத் தெரிவு செய்ய எங்களுக்கு இப்போதுதான் வசதி வந்திருக்கிறது.

மாநகரசபையில் மேயரோடு சேர்த்து 26 வாக்குகள்தான். 2024இல் வீட்டு வரி 9.5 வீதம் கூடியதும் 2025இல் 6.9 வீதம் கூடியதும் அங்கே முடிவானவை. உங்கள் தெருவில் பனி அள்ளுவது, பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒருக்கா வருவது, நூலகம் எப்போது திறப்பது எல்லாம் அங்கேதான். 2023 யூலை 24இல் ஸ்காபரோ ஆர்டி ரயில் தடம்புரண்டு, பிறகு ஓடவேயில்லை. மல்வேர்னிலிருந்து இரவு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அது அரை மணித்தியால நித்திரை. எக்ளிங்டன் கிழக்கு இலகு ரயில் வந்தால் பல்கலைக்கழக வளாகம், மல்வேர்ன் எல்லாம் இணையும். அது இன்னும் திட்டமாகவே கிடக்கிறது.

நீதன் சாணின் முன்கதை நல்லது. ஆனால் அதை வைத்து மட்டும் அவரை மதிப்பிட வேண்டாம். அடுத்த தேர்தல் 2026 ஒக்ரோபர் 26, திங்கட்கிழமை. கனடியக் குடியுரிமை உள்ள, 18 வயது நிரம்பிய ரொறன்ரோவாசிகள் வாக்களிக்கலாம். இங்கே பிறந்த பிள்ளைகளின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று இப்பவே பாருங்கோ. கதவைத் தட்டுபவர் எந்தத் தமிழராக இருந்தாலும், தேத்தண்ணி குடுக்க முதல், அந்த ரயிலுக்குக் காசு எங்கேயிருந்து எடுக்கப் போறியள் என்று கேளுங்கோ.