அரைப்பேரும் ஒன்பது கேள்வியும்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் முன்பெல்லாம் சுகமில்லாதவர்கள் இரண்டே வகை. டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக்கொண்டு வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகிறவர் ஒருவர். அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறவர் மற்றவர். நடுவில் யாருக்கும் இடமில்லை. விடிந்தும் எழும்பாத பையன் சோம்பேறி. ரப்பர் பால் வெட்டப் போய்ப் பாதியில் உட்கார்ந்துவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். கிழமைக்கணக்கில் பேச்சு மூச்சில்லை என்றால் கோடாங்கி வருவார். உடுக்கையடித்து, எங்கே பயந்தான் என்று குறி சொல்லிக் கயிறு கட்டிவிட்டுப் போவார். அதை முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்று இரவாவது லயமே அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

இலங்கையின் 2005ஆம் ஆண்டுத் தேசிய மனநலக் கொள்கைக்குப் பிறகு, அங்கொடையில் குவிந்திருந்த சேவை மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கும் பரவியது. இன்று கிளினிக்குக்குப் போகும் பையனிடம் டாக்டர் ஒன்பது கேள்வி கேட்கலாம். கடந்த இரண்டு கிழமையில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலாவது நாட்டமிருந்ததா, தூக்கம், பசி, களைப்பு எப்படி? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. 5 முதல் 9 வரை வந்தால் இலேசான மனச்சோர்வாக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். களைப்புக்குக் காரணம் இரத்தக்குறைவா, தைராய்டா என்றும் பார்க்கவேண்டும். அண்மையில் வீட்டில் சாவு விழுந்ததா என்றும் கேட்கவேண்டும்.

இலேசான சோர்வில் வேலை நிற்பதில்லை. அதனால்தான் அது பிடிபடுவதில்லை. பையன் பல்லைக் கடித்துக்கொண்டு முழுப்பேர் வாங்கிவிடுவான், அல்லது கொழும்புக் கடையில் இரவு வரை நிற்பான். தலையிடி, நெஞ்சு படபடப்பு, 'மேலெல்லாம் வலி' என்றுதான் டாக்டரிடம் சொல்வான். இந்த நிலைக்கு எடுத்த எடுப்பில் மாத்திரை வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பேச்சு, உடற்பயிற்சி, ஒழுங்கான தூக்கம், சில கிழமை கழித்து மறுபடி வரச்சொல்வது, இவை போதும்.

சிக்கல் கேள்வி கேட்கும் இடத்தில் இருக்கிறது. டாக்டர் சிங்களத்தில் கேட்பார். பையனுக்குக் கடைச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. மனசைச் சொல்ல அது காணாது. கூட வந்த அக்கா பதில் சொல்வாள்: "அவன் நல்லாத்தான் இருக்கான் ஐயா, தூக்கந்தான் இல்ல." ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம் என்று தோன்றியதா என்பது. அக்காவை வைத்துக்கொண்டு எவன் ஆமென்பான்? தற்கொலை முயற்சி 1998 வரை இந்த நாட்டில் குற்றம். வாயைத் திறந்தால் பொலிஸ் வரும் என்ற பயம் பழைய ஆட்களை எளிதில் விட்டுப்போகாது.

அக்காவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்க ஒரு தாதியாவது வேண்டும். மனசு தாங்காதபோது கூப்பிட 1926 என்ற தேசிய மனநல இலக்கமும் இருக்கிறது. அதை டிஸ்பென்சரிச் சுவரில் தமிழில் பெரிதாக எழுதிவைக்க ஒரு டப்பா பெயின்ட் போதும்.