கத்தினால் போதுமா, கார் நிற்க வேண்டாமா?

'பழைய காரை எவன் சார் திருடப் போறான்?' என்று சிரிப்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான். "உங்க வண்டிக்கு என்ன இன்ஷூரன்ஸ்?"

வயதான வண்டிக்காரர்கள் பலர் 'தேர்ட் பார்ட்டி போதும்' என்று நிறுத்திக்கொண்டு விடுகிறோம். சட்டத்துக்கு அது போதும், திருட்டுக்குப் போதாது. வண்டி போனால் ஒரு நயா பைசா வராது. நான் படித்த பி.காம். பாஷையில், புத்தக மதிப்பு பூஜ்யம். ஆனால் ராத்திரி 2 மணிக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போக அந்தப் பூஜ்யம்தான் வாசலில் நிற்கிறது!

என்னுடையது 1998 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் வண்டி. அப்பா ஓட்டி எனக்கு வந்தது. இதற்கு அலாரம் மாட்டுவதென்று முடிவானதும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் செட் வாங்கினேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒயர், ஃப்யூஸ், ரிலே.

"கடையில விட்டா ஒரு மணி நேரத்துல மாட்டிடுவானே?" என்றாள் மனைவி.

மாட்டிவிடுவான். எந்த ஒயரை எங்கே கத்தரித்தான் என்பது அவனுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். கால் நூற்றாண்டு வெயிலில் காய்ந்த ஒயரிங். வளைத்தாலே மேலுறை உதிர்கிறது. பக்கத்தில் பெட்ரோல் குழாய். இங்கே அவசரப்பட்டால் திருடன் வருவதற்கு முன்னால் ஃபயர் சர்வீஸ் வரும்.

முதல் வேலை, பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுவது. ஒயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். முக்கியமானவை நான்குதான். பாட்டரியிலிருந்து நேரே வரும் பாசிட்டிவ். எர்த். சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற இக்னிஷன் ஒயர். கதவு திறந்ததைச் சொல்லும் ஒயர். பாசிட்டிவ் ஒயருக்கு ஃப்யூஸ் பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளிப் போட்டால், நடுவில் ஒயர் எங்காவது தகட்டில் உரசும்போது காப்பாற்ற ஆளில்லை. எர்த்துக்குப் பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று தகடு தெரிந்த பிறகே ஸ்க்ரூ போட வேண்டும். ஒட்டுகளை முறுக்கி டேப் சுற்றினால் நம் ஊர் வெயிலுக்கு டேப் இளகி நழுவிவிடும். ஈயம் வைத்துப் பற்றவைப்பதே நல்லது.

அடுத்தது கதவு ஸ்விட்ச். கதவைத் திறந்தால் உள்ளே லைட் எரிகிறதே, அந்தச் சின்னக் குமிழ்தான் அலாரத்துக்குக் கண். பழைய வண்டியில் அந்தக் கண்ணில் துரு. லைட் எரியவில்லை என்றால் அலாரமும் குருடு. உப்புத்தாளால் தேய்த்தேன், லைட் எரிந்தது. பானெட்டுக்கும் தனியாக ஒரு ஸ்விட்ச் வைத்தேன். பானெட்டைத் தூக்கிப் பாட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டால் சைரன் எப்படிக் கத்தும்?

சைரனின் வாயைக் கீழ்நோக்கி வைக்க வேண்டும். இல்லையென்றால் மழைத் தண்ணீர் தேங்கி முதல் பருவத்திலேயே தொண்டை கட்டும். அட்டைப் பெட்டியில் 120 டெசிபல் என்று போட்டிருந்தது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை அனுமதி 45 டெசிபல்தான்!

எதிர் வீட்டு மாமா விஷயத்துக்கு வந்தார்.

"ஏம்ப்பா, அது கத்தினா நான் எழுந்து வரணுமா, வேண்டாமா?"

"வாங்க மாமா."

"பூனை குதிச்சாலும் கத்துமே! ரெண்டு நாள் வருவேன். மூணாம் நாள் காதுல பஞ்சு வெச்சுண்டு தூங்கிடுவேன்."

நியாயம். தெரு வராவிட்டால் சைரன் வெறும் சங்கீதம். அதிர்ச்சி சென்சாரின் சின்னத் திருகை மூன்று ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். தண்ணீர் லாரி போனால் பேசக் கூடாது. கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டினால் அலற வேண்டும். அந்த இடம் கிடைத்த பிறகுதான், "அனாவசியமா கத்தாது மாமா, கத்தினா வாங்க" என்று வாக்குக் கொடுத்தேன்.

மாமா ஊரில் இல்லாத நாளைக்கு? அதற்குத்தான் ரிலே. அலாரம் விழித்திருக்கும்போது யாராவது இக்னிஷனைப் போட்டால், காயிலுக்குப் போகும் மின்சாரத்தை அது துண்டித்துவிடும். ஸ்டார்ட்டரை மட்டும் துண்டித்தால் பழைய வண்டியைத் தள்ளியே கிளப்பிவிடலாம். (நாமே எத்தனை தடவை தள்ளியிருக்கிறோம்!) ரிலேயில் 30, 87ஏ என்ற இரண்டு கால்கள் சும்மா இருக்கும்போது சேர்ந்தே இருக்கும். காயில் ஒயரை அவற்றின் வழியாக விட்டேன். ரிலேயை இழுக்கும் ஒயர் என்றைக்காவது அறுந்தாலும் வண்டி நடுரோட்டில் நிற்காது. திருடனைவிட, பின்னால் வருகிற லாரிதான் எனக்குப் பயம்.

கடைசியில் கணக்கு. எல்லாம் மாட்டியபின் நிற்கிற வண்டியில் மீட்டர் 18 மில்லி ஆம்பியர் காட்டியது. அற்பம்தான். ஆனால் 24 மணி நேரமும் ஓடும் செலவு. மாதத்துக்குச் சுமார் 13 ஆம்பியர்-அவர். என் பாட்டரியோ மொத்தமே 35. வண்டியைப் போட்டுவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போகிறவர்கள், நடுவில் யாரையாவது விட்டு ஓட்டச் சொல்ல வேண்டும்.

ரிமோட்டின் செல் ஒருநாள் தீரும். அன்றைக்கு அலாரத்தை நிறுத்த செட்டோடு ஒரு ரகசிய ஸ்விட்ச் தருவார்கள். அதை ஒளித்து வைத்துவிட்டு, வீட்டில் இன்னொருவருக்காவது இடத்தைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி அவசரத்தில் நம் வண்டி நம்மையே திருடன் என்று நினைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் மனைவிக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

மாமாவும் கேட்டார். சொல்லவில்லை!