பூசணமும் மலர்ச்சியும்

சங்கரன்கோவில் சந்தையில் பூசணம் பூத்த நிலக்கடலைக்கு எவரும் கூடுதல் விலை தருவதில்லை. ஆனால், நெடுநாள் பாதுகாத்த சுருட்டின் மேலிலையில் படியும் வெண்படலத்தைச் சுருட்டுப் பிரியர்கள் பக்குவத்தின் அடையாளமாகப் போற்றுகின்றனர். மலர்ச்சியைக் குறிக்கும் ‘புளூம்’ என்ற ஆங்கிலச் சொல்லே அதற்குப் பெயர்.

திராட்சைத் தோலின் மீதுள்ள இயற்கையான வெண்மெழுகுக்கும் இதே பெயர்தான். சுருட்டிலோ, புகையிலையின் எண்ணெய்கள் கசிந்து படிகமாவதே இப்படலம் என்பது விற்போர் தரும் விளக்கம். நுண்ணோக்கியில் வைத்தால் ஐயம் தீரும்: இழைகளும் வித்துகளும் தெரிந்தால் அது பூஞ்சை. பெட்டியின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்கே வாய்ப்பு அதிகம்.

1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், சாம்பலைப் பார்த்தே திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுகொள்கிறார். சாதாரண நுகர்வோருக்கு அந்தக் கண் இல்லை. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில், தரமற்ற சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று 1970இல் பழைய கார்களை முன்வைத்து விளக்கியவர் ஜார்ஜ் அக்கர்லாஃப். 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் கோட்பாட்டைப் பல்லாண்டுகள் கற்பித்த நான் ஒன்றைச் சேர்ப்பேன்: அறியாமையின் அந்த இடைவெளியை முதலில் நிரப்புவது ஓர் அழகிய பெயர்.

புகையிலை எந்தப் படலமும் இன்றியே உயிருக்குக் கேடு. ஆனால், சுருட்டைத் தொடாதவருக்கும் இப்பாடம் பொருந்தும். ‘இயற்கை’, ‘பாரம்பரியம்’ என்று அச்சிட்ட பொட்டலத்தை எடுக்கும்போது, விலை தருவது பெயருக்கா, பொருளுக்கா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தமிழில் மல்லிகையும் பூக்கிறது; பூசணமும் பூக்கிறது. இரண்டையும் ஒரே விலைக்கு நாம் வாங்குவதில்லை.