படகில் கைக்கணினி: எந்தக் கடல் வரைபடச் செயலி கைகொடுக்கும்?

தேக்காவில் செயலி தப்பான சந்தைக் காட்டினால் பரவாயில்லை. திரும்பி நடந்தால் சிராங்கூன் ரோடு வந்துவிடும். ஆனால் புலாவ் ஹந்து பக்கம் படகில் போகும்போது அப்படியில்லை. தண்ணீர் வற்றும் நேரத்தில் சில மீட்டர் விலகினாலும் பவளப்பாறையில் படகு தட்டலாம்.

சுற்றிலும் நெரிசல் வேறு. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் எந்நேரமும் சுமார் 1,000 கப்பல்கள் இருக்கும். இரண்டு, மூன்று நிமிடத்துக்கு ஒரு கப்பல் வரும் அல்லது கிளம்பும்.

உல்லாசப் படகு ஓட்டுவோர் பலர் கைக்கணினியில் உள்ள வரைபடச் செயலியைப் பயன்படுத்துகின்றனர். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

செயலிகளுக்குள் என்ன வித்தியாசம்?

• நேவியோனிக்ஸ்: ஆண்டுச் சந்தா கட்டவேண்டும். ஆழக் கோடுகளை நெருக்கமாகக் காட்டும். படகோட்டிகள் பதிவுசெய்யும் ஆழ அளவுகளையும் சேர்த்துக்கொள்ளும். தகவல் அதிகம், ஆனால் எல்லாமே அதிகாரபூர்வ அளவீடு அல்ல.

• சி-மேப்: இதுவும் அதே வகை. வானிலையை வரைபடத்தின் மேலேயே பார்க்கலாம். பாதையைச் செயலியே போட்டுக் கொடுக்கும்.

• ஓபன்சிபிஎன்: கணினியில் இலவசம். ஆண்ட்ராய்டில் இயங்கும், ஐபேடில் இயங்காது. வரைபடங்களைத் தனியாக வாங்கிச் சேர்க்கவேண்டும். அரசாங்கங்களின் அதிகாரபூர்வத் தரவிலிருந்து உருவான வரைபடங்களும் கிடைக்கும்.

ஸூம் செய்யாவிட்டால் என்ன ஆகும்?

மின்னிலக்க வரைபடம் புகைப்படம் மாதிரி இல்லை. பெரிய பரப்பைப் பார்க்கும்போது திரை நெரிசலாகாமல் இருக்க, சின்னப் பாறைகளையும் ஆழ எண்களையும் செயலி தானாகவே மறைத்துவிடும்.

2014 நவம்பர் 29ஆம் தேதி நடந்தது அதுதான். வால்வோ ஓஷன் ரேஸ் போட்டியில் இருந்த 'டீம் வெஸ்டாஸ் விண்ட்' பாய்மரப் படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே பவளத்திட்டில் மோதி நின்றது. படகில் இருந்த 9 பேரும் உயிர் தப்பினர். மின்னிலக்க வரைபடத்தில் அந்தத் திட்டு இருந்தது. போதிய அளவு ஸூம் செய்து பார்க்காததால் ஆபத்து தெரியவில்லை.

வரைபடம் எவ்வளவு புதியது?

சிங்கப்பூரின் கரை மாறிக்கொண்டே இருக்கிறது. துவாஸ் துறைமுகம் 2022இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது, 2040களில்தான் முழுமையடையும். நிலமீட்பு நடக்கும் இடத்தில் பழைய வரைபடம் கரையைக் கடலாகக் காட்டலாம். சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையம் அறிவிக்கும் மாற்றங்களைப் பாருங்கள். செயலியையும் புதுப்பியுங்கள்.

எந்தக் கைக்கணினி சரிப்படும்?

வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. சிம் வசதி உள்ள ரகத்தில்தான் இருக்கும். இன்னொன்று, ஐபேடை 35 டிகிரி செல்சியஸ் வரைதான் பயன்படுத்தலாம் என்கிறது ஆப்பிள். மத்தியான வெயிலில் வைத்தால் திரை மங்கலாம், கருவி நின்றும் போகலாம். நிழலான இடமும் தண்ணீர் புகாத உறையும் தேவை.

அப்போ எது நல்லது?

ஐபேட் வைத்திருப்போருக்கு நேவியோனிக்ஸ் அல்லது சி-மேப் வசதி. அதிகாரபூர்வத் தரவு வேண்டுமென்றால் ஓபன்சிபிஎன். எதுவானாலும் அது துணைக்கருவிதான். அதிகாரபூர்வ வரைபடத்துக்கு மாற்று அல்ல.

கிளம்பும் முன்னர் வரைபடத்தைப் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். போகும் பாதை முழுவதையும் ஸூம் செய்து ஒருமுறை பாருங்கள். ராணுவம் சுடும் பயிற்சி நடத்தும் சுடோங், செனாங், பவாய் தீவுகள் பக்கம் பாதை போகிறதா என்றும் கவனியுங்கள். அங்கே போக அனுமதியில்லை.