ஒரு ரூபாய் ட்ரையல்... மாதாமாதம் கரையும் பணம்! உங்கள் போனில் எத்தனை 'ஆட்டோபே' இருக்கிறது?

காலையில் போனை எடுத்தால் வங்கியிலிருந்து ஒரு மெசேஜ். கணக்கிலிருந்து 199 ரூபாய் போயிருக்கிறது. யாருக்கு அனுப்பினோம் என்று யோசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. 'நேத்து மளிகைக் கடையில கொடுத்ததா இருக்கும்' என்று விட்டுவிடுகிறோம். அடுத்த மாதம் கிட்டத்தட்ட அதே தேதியில் அதே 199 ரூபாய் மறுபடியும் போகிறது.

வங்கிக் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். பல நேரங்களில் இதற்குக் காரணம், நாமே எப்போதோ பின் நம்பர் போட்டு அனுமதி கொடுத்த 'ஆட்டோபே'தான்.

வசதிக்காக வந்தது

யு.பி.ஐ. 2016-ல் அறிமுகமானது. அதில் ஆட்டோபே வசதி 2020 ஜூலையில் சேர்ந்தது. இன்ஷூரன்ஸ் பிரீமியம், எஸ்.ஐ.பி., ஓ.டி.டி. சந்தா என மாதாமாதம் கட்ட வேண்டியவற்றுக்கு ஒருமுறை அனுமதி கொடுத்தால் போதும், தேதி வந்ததும் பணம் தானாகப் போய்விடும். பிரீமியம் கட்ட மறந்து பாலிசி காலாவதியாகும் தொல்லை இல்லை. நல்ல வசதிதான்.

சிக்கல் வருவது 'ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் ட்ரையல்' போன்ற விளம்பரங்களில். ஜாதகம், குறுந்தொடர், இங்கிலீஷ் கற்றுக்கொள்வது, போட்டோ எடிட்டிங் என்று விதவிதமான ஆப்கள் இப்படி அழைக்கின்றன. 'ஒரு ரூபாய்' என்பது பெரிய எழுத்தில் இருக்கும். ட்ரையல் முடிந்த பிறகு எவ்வளவு என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும். ஒரு ரூபாய்தானே என்று பின் நம்பரைப் போடுகிறோம். ஆனால் அந்த ஒரு முறையிலேயே, இனி வரும் மாதங்களுக்கும் சேர்த்து அனுமதி கொடுத்துவிடுகிறோம்.

ஆப்பை அழித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஆப் போனில் இருக்கிறது, அனுமதியோ வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது. அதைத் தனியாக ரத்து செய்தால்தான் பணம் போவது நிற்கும்.

சின்னத் தொகைதான் ஆபத்து

ஐந்தாயிரம் ரூபாய் போனால் அன்றே வங்கிக்கு ஓடுவோம். 99 ரூபாய் போனால் யாரும் ஓடுவதில்லை. ஆனால் மாதம் 99 ரூபாய் என்பது வருடத்துக்கு 1,188 ரூபாய். இப்படி மூன்று ஆப்கள் இருந்தால் 3,564 ரூபாய். பென்ஷன் பணத்தில் மாத்திரை வாங்கும் பெரியவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை. வங்கியிலிருந்து வரும் ஆங்கில மெசேஜைத் திறந்து பார்க்காமலே விடுவதும் அவர்களில் பலர்தான்.

விதிகள் நம் பக்கம்தான்

ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆட்டோபேயில் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். 'நாளைக்கு இவ்வளவு எடுக்கப்போகிறோம்' என்று வரும் அந்த மெசேஜ்தான் நமக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு. விளம்பர மெசேஜ் என்று நினைத்து அதைத் தள்ளிவிடாதீர்கள்.

சேருவதைச் சுலபமாகவும் விலகுவதைக் கஷ்டமாகவும் வைப்பதை 'சந்தா பொறி' என்றே மத்திய அரசு வகைப்படுத்தியிருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில், நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை ஆன்லைன் தந்திரங்களில் இதுவும் ஒன்று.

ஐந்து நிமிட செக்கப்

* ஜிபே, போன்பே போன்ற ஆப்பில் உங்கள் புரொஃபைல் பக்கத்துக்குப் போங்கள். அங்கே 'ஆட்டோபே' என்று இருக்கும். திறந்தால் யாருக்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் வரும்.

* ஒவ்வொன்றிலும் அதிகபட்சத் தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் பாருங்கள். தேவையில்லாததை 'கேன்சல்' கொடுத்து, பின் நம்பர் போட்டு ரத்து செய்யுங்கள்.

* இரண்டு மூன்று பேமென்ட் ஆப் வைத்திருந்தால் எல்லாவற்றிலும் பாருங்கள்.

* ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரில் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதியையும், ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் வரும் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதியையும் பாருங்கள். கார்டு வழியாகக் கொடுத்த அனுமதியை வங்கியின் ஆப்பில் அல்லது இணையதளத்தில் தேடுங்கள்.

* இன்ஷூரன்ஸ், எஸ்.ஐ.பி., கடன் தவணை ஆகியவற்றை அவசரத்தில் ரத்து செய்துவிடாதீர்கள். பெயர் புரியவில்லை என்றால் விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

ரத்து செய்த பிறகும் பணம் போனால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் பேமென்ட் ஆப்பிலும் வங்கியிலும் புகார் செய்யுங்கள். நிறுவனம் விலகவே விடாமல் இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். நீங்கள் அனுமதியே கொடுக்காமல் பணம் போயிருந்தால் அது சைபர் மோசடி. தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

அப்பா, அம்மா போனை எப்போது பார்ப்பது?

இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு, வீட்டில் இருக்கும் பெரியவர்களின் போனையும் அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள். ஜாதக ஆப்போ நாடக ஆப்போ தென்பட்டால், 'உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?' என்று கேட்டுவிடாதீர்கள். ஒருமுறை திட்டு வாங்கியவர், அடுத்த முறை பணம் போனால் வெளியே சொல்லவே மாட்டார். சிலருக்கு அந்த நாடக ஆப் உண்மையிலேயே பிடித்திருக்கலாம். மாதம் எவ்வளவு போகிறது என்று சொல்லுங்கள். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அது அவர்கள் பணம்.